கப்பலில் வந்த கதை, யன்னலில் வெடித்த பியர்

பியர் இறக்குமதி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, முதல் வாரத்திலேயே உங்களுக்கு ஒரு கதை சொல்லித் தருவார்கள். மேசையைச் சுற்றி இருத்தி, திரையில் பாய்மரக் கப்பல் ஒன்றின் படத்தைப் போட்டு, குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு சொல்வார்கள். முன்னொரு காலத்தில் இந்தியாவை ஆண்ட வெள்ளைக்காரருக்குத் தாகம் எடுத்ததாம். ஊரிலிருந்து அனுப்பிய பியர் எல்லாம் வழியிலேயே புளித்துப் போனதாம். லண்டனில் ஒரு மேதை ஹொப்ஸ் என்ற கசப்புப் பூவை அள்ளிப் போட்டு, மதுவின் வீரியத்தையும் ஏற்றி, எந்த வெயிலுக்கும் அசையாத புதிய பியர் ஒன்றைக் கண்டுபிடித்தாராம். அதை ஏற்றிய கப்பல் ஒன்று இங்கிலாந்துக் கரையிலேயே உடைய, மீட்ட பீப்பாய்களைக் குடித்துப் பார்த்த உள்ளூர்ச் சனம் சொக்கிப் போனதாம்.

வேலை செய்த காலம் முழுவதும் இந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன். சொன்னவர்களில் ஒருவராவது ‘இது உண்மைதானா?’ என்று தன்னைத் தானே கேட்டுப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

நடந்தது இவ்வளவு அழகானதல்ல. வெப்பமான நாடுகளுக்குப் போகும் பியருக்கு ஹொப்ஸ் கூடப் போட வேண்டும் என்பது அந்த மேதை பிறக்குமுன்பே ஆலைக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம். அவருடைய பெரிய திறமை, கிழக்கே போகும் கப்பல்கள் நின்ற துறைக்குப் பக்கத்தில் அவருடைய ஆலை இருந்ததுதான். கப்பல் தலைவர்கள் தங்கள் சொந்தக் கணக்கிலும் வியாபாரம் செய்தார்கள். அவர்களுக்கு அவர் தாராளமாகக் கடன் தவணை கொடுத்தார். பின்னர் நடு இங்கிலாந்து ஊர் ஒன்றின் ஆலைக்காரர்கள் நல்ல கிணற்றுத் தண்ணீரோடு வந்து அந்த வியாபாரத்தைப் பறித்துக்கொண்டார்கள். அந்தப் பியர் அந்தக் காலத்துக்கு அப்படியொன்றும் வீரியமானதும் அல்ல. குடித்தவர்கள் துரைமாரும் அதிகாரிகளும். வெயிலில் நடந்த சிப்பாய் பெரும்பாலும் குடித்தது போட்டர் என்ற கறுத்த பியர். அதுவும் அதே கடலில், அதே சூட்டில்தான் போனது. ஒரு மேதையும் அதற்குத் தேவைப்படவில்லை.

பழைய பியர் கடல் கடந்து பிழைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை யாரும் திரையில் போடுவதில்லை. அனுப்புமுன் அதைப் பீப்பாயில் நீண்ட காலம் கிடக்க விட்டார்கள். உள்ளே இருந்த சீனியை ஈஸ்ட் தின்று, வாயுவாக வெளியேற்றி முடித்து, பியர் அடங்கும்வரை பொறுத்திருந்தார்கள். அடங்காத பியரைக் கப்பலின் வயிற்றில் போட்டுப் பூமத்திய ரேகையைத் தாண்ட விட்டால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். வெடித்த பீப்பாயை மதராசில் யாரும் வாங்கமாட்டார்கள்.

எங்கள் முதலாளி முகுந்தனுக்கு இது தெரியாது. நான் சொன்ன பிறகும் தெரியாது.

முகுந்தன் கனடாவில், ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்தவர், வணிகம் படித்தவர், நகருக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் பெரிய வீடு வாங்கிப் போனவர். பிரித்தானியப் பியரைக் கனடாவுக்குக் கொண்டுவரும் அவருடைய நிறுவனத்தில் நான் தரக்கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பாக இருந்தேன். யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படித்து, அதை இங்கே யாரும் ஏற்காததால் இன்னொரு தடவை படித்து, அந்த நாற்காலிக்கு வந்தவள் நான். கூட்டங்களில் முகுந்தன் என்னை ‘றெஜினா’ என்பார். ஏதாவது தேவையென்றால் ‘அன்ரி’ ஆகிவிடுவேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முந்திய ஒரு பனிக்காலத்தில், இங்கிலாந்துப் பயணம் முடித்து வந்த அவர், விறாந்தையிலிருந்தே “அன்ரி” என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தார்.

“அன்ரி, ஒரு சின்ன ப்றூவரி பிடிச்சிருக்கிறன். அந்தக் காலத்துப் பியரை அப்பிடியே செய்யினம். ஈஸ்ட் உயிரோட இருக்கும், வடிக்காமல் போத்தல்ல அடைக்கினம். நாங்கள் அதைக் குளிரூட்டின கொன்டெய்னர்ல கொண்டு வரப் போறேல்லை. சாதாரண கொன்டெய்னர். நேர மொன்றியலுக்கும் இல்லை. கீழ கரீபியன் பக்கம் போய், அங்க கொஞ்ச நாள் துறையில நிண்டு, பிறகு இஞ்ச வரும்.”

“ஏன்?”

“வெயில் படோணும். அதுதான் கதை. கடலும் வெயிலும் செய்த பியர்.”

“முகுந்தன், அந்தக் காலத்தில அனுப்ப முதல் பீப்பாயில கனகாலம் விட்டுவைப்பினம். நொதிச்சு முடிஞ்ச பிறகுதான் ஏத்துவினம். இவையள் எவ்வளவு காலம் வைக்கினம்?”

“ஜூன்ல லோஞ்ச் அன்ரி. அவ்வளவு காலம் எங்க இருக்கு?”

“அப்ப அனுப்பாதேங்கோ.”

“பொறுமையா இருந்தது எண்டு ஒரு கதையை ஆர் வாங்குவினம்? இட்ஸ் போறிங்.”

அடுத்த கூட்டத்தில் இதையே எல்லார் முன்னும் சொன்னேன். விற்பனைப் பிரிவின் பிள்ளைகள் தங்கள் போன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “றெஜினா, உங்கட கன்சேர்ன் விளங்குது” என்றார் முகுந்தன். ஒரு அலுவலகத்தில் உங்கள் கவலை விளங்குகிறது என்று யாராவது சொன்னால், அதோடு அந்தப் பேச்சு செத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டத்திலேயே இன்னொரு யோசனையும் வந்தது. அறிமுக விழாவில் நான் பட்டுச்சேலை கட்டி, ஒரு தட்டில் போத்தலோடு நிற்க வேண்டுமாம். “இந்தியாவை ரெப்ரசென்ட் பண்ண” என்று ஒரு பெண்பிள்ளை சொன்னாள். நான் மன்னாரில் பிறந்தவள் என்றேன். அது பரவாயில்லையாம்.

என்னை முதன்முதலில் இந்தத் தொழிலுக்கு எடுத்த மேலாளர் வாய் திறந்து அதிகம் பேசாத வெள்ளைக்காரர். சரக்கில் ஏதாவது சரியில்லை என்று போய் நின்றால், அவர் பியரைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டார். “யாருக்கு அவசரம்?” என்றுதான் கேட்பார். அவசரப்பட்டவரின் பெயரைச் சொன்னதும், பிழை எங்கே இருக்கிறது என்று அநேகமாகக் கண்டுபிடித்துவிடுவார். முகுந்தனின் பியரில் அந்தக் கேள்விக்குப் பதில் தேடி எங்கும் போக வேண்டியிருக்கவில்லை.

ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கொன்டெய்னர் எங்கள் சரக்குக் கிட்டங்கிக்கு வந்தது. அடுத்த நாள் மாலை ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு தமிழ் உணவகத்தில் அறிமுக விழா. கொன்டெய்னர் கதவைத் திறந்ததும் புளித்த மாவு மணம் வெளியே அடித்தது. கீழ்வரிசைப் பெட்டிகள் ஈரமாகி இளகியிருந்தன. பாரந்தூக்கி ஓட்டுபவர், துறைமுகத்தில் போட்டு உடைத்திருப்பார்கள் என்றார். நான் ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். விழுந்து உடைந்த போத்தல் அடியில் உடையும், துண்டுகள் அடியிலேயே கிடக்கும். இங்கே கழுத்துகள் மூடியோடு முழுதாகக் கிடந்தன. உடம்பு மட்டும் நாலாபக்கமும் சிதறி, பெட்டியின் அட்டையில் குத்தி நின்றது. முழுதாக இருந்த ஒன்றைக் குளிர வைத்து, முகக்கவசமும் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டு திறந்தேன். அரைவாசிப் பியர் மேற்கூரையில் இருந்தது.

முழுவதையும் தடுத்து வைத்தேன். இங்கிலாந்து ஆலைக்குப் போன் எடுத்தேன். எடுத்தவர் பண்பாகப் பேசினார்.

“போத்தலில் அடைக்குமுன் எவ்வளவு காலம் வைத்திருந்தீர்கள்?” என்று கேட்டேன்.

“இது கொஞ்சம் துடிப்பான பியர்” என்றார்.

“எவ்வளவு காலம்?”

“உங்கள் பக்கத்தில் மிக ஆவலாக இருந்தார்கள்.”

வேறு விசாரணை தேவைப்படவில்லை. முகுந்தனுக்குச் செய்தி அனுப்பினேன்: ஒரு போத்தலும் வெளியே போகக்கூடாது, நாளை விழாவுக்கு வேறு பியர் கொடுங்கள். பதில் வரவில்லை. மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை. சனிக்கிழமை காலை கிட்டங்கிக்குப் போய்ப் பார்த்தேன். தடுத்து வைத்த அடுக்கில் ஒரு மூலை குறைந்திருந்தது.

போனில் முகுந்தன் சந்தோஷமாக இருந்தார். “ஓம் அன்ரி, நேற்றுப் பின்னேரம் நான்தான் கொஞ்சம் ஏத்திக்கொண்டு போனனான். குடிக்கிறதுக்கு இல்லை, டிஸ்பிளேக்கு. சந்திரன் அங்கிளின்ர சாப்பாட்டுக்கடை யன்னல்ல ஒரு பிரமிட் மாதிரி அடுக்கியிருக்கு. வெயில் பட்டு அப்பிடியே தங்கம் மாதிரி. வந்து பாருங்கோ.”

“எந்த யன்னல்? தெற்குப் பக்கமோ?”

“றோட்டுப் பக்கம்.”

“முகுந்தன், உது வெடிக்கும். இப்பவே போன் பண்ணி ஆக்களை வெளியில அனுப்பச் சொல்லுங்கோ.”

“நீங்கள் எப்பவும் இப்பிடித்தான்” என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். அதுதான் எனக்கு அதிகம் எரிந்தது.

உணவகத்துக்கு நானே அழைத்தேன். யாரும் எடுக்கவில்லை. காரில் ஏறி லோறன்ஸ் அவெனியூ வழியே போனபோது திரும்பத் திரும்ப அழைத்தேன். ஏன் எடுக்கவில்லை என்பது வாகனத் தரிப்பிடத்தை நெருங்கியதும் விளங்கியது. உள்ளே முதல்நன்மை விருந்து, ஒரு பிள்ளை தேவாலயத்தில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய நாள். வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு சின்னப் பெண்ணுக்காக தாய் பக்கம், தகப்பன் பக்கம் என்று இரண்டு குடும்பத்துச் சனமும் வந்திருந்தது. ஒலிபெருக்கியில் பாட்டு. முன்யன்னலில், நல்ல வெயிலில், அந்தப் பிரமிட். பெட்டிகளிலிருந்து எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, உச்சியில் பொம்மைக் கப்பல் வைத்து, கீழே சாக்கு விரித்திருந்தார்கள். பிள்ளைகள் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். முன்வாசல் அந்த யன்னலை ஒட்டியே இருந்தது.

நான் பின்பக்கமாகச் சமையலறைக்குள் நுழைந்தேன். உணவகக்காரர் சந்திரன் அண்ணை பெரிய சட்டியிலிருந்து சோறு அள்ளிக்கொண்டு நின்றார். எங்கள் கோயில் ஆள், வருடக்கணக்காகத் தெரியும்.

“அண்ணை, யன்னல்ல இருக்கிற போத்தல் வெடிக்கப் போகுது. சனத்தை வெளியில எடுக்கோணும்.”

“என்ன தங்கச்சி, விளையாடுறியே? இப்பதான் சாப்பாடு போடுறம்.”

“நான் விளையாடுற ஆளோ?”

அவர் என் முகத்தைப் பார்த்தார். கரண்டியை வைத்தார். “அப்ப மைக்கில சொல்லுறன், எல்லாரும் ஓடுங்கோ எண்டு.”

அந்த இடத்தில்தான் நான் அவருடைய கையைப் பிடித்தேன். ஓடுங்கோ என்று சொன்னால் சனம் எங்கே ஓடும்? வந்த வழியால்தான் ஓடும். முன்வாசலில், அந்தப் பிரமிட்டை இடித்துக்கொண்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு. உண்மையைச் சொல்வது நல்லதுதான். ஆனால் அதைக் கேட்டவர்கள் அடுத்த நிமிடம் எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்று யோசிக்காமல் சொல்கிறவர், தன் மனச்சாட்சியைக் காப்பாற்றுகிறாரே ஒழிய ஆட்களை அல்ல.

ஒலிவாங்கியை நானே வாங்கினேன். “எல்லாரும் ஒருக்கால் பின்பக்கம் வாங்கோ. பின் பார்க்கிங்கில பிள்ளையோட குடும்பப் படம் எடுக்கப் போறம். குசினியால வாங்கோ, முன்பக்கம் வெயில். சின்னப் பிள்ளையள் முதல்ல.”

எங்கள் சனம் தீயென்றால் வாதாடும், படமென்றால் வரும். சேலையைச் சரிசெய்துகொண்டு, தலையைத் தடவிக்கொண்டு, அடுப்புகளுக்கு நடுவே வரிசையாகப் போனார்கள். பெண்ணின் தாய் மட்டும் “ஆர் உங்களை உது ஒழுங்குபண்ணச் சொன்னது?” என்று கேட்டாள். சந்திரன் அண்ணை என்றேன். அவர் தலையாட்டினார். ஒரு முதியவர் மட்டும் ஆட்டிறைச்சிக் கறியை விட்டு எழும்பவில்லை.

“நீங்கள் எடுத்துப்போட்டு வாங்கோ பிள்ளை, நான் சாப்பிடுறன்.”

“அங்கிள், நீங்கள் இல்லாமல் எடுக்கமாட்டினமாம்.”

“அப்பிடியே?” அவர் வாயைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். முகத்தில் ஒரு பெருமை.

தீயணைப்புப் படைக்கு அழைத்துச் சொன்னேன். சந்திரன் அண்ணையின் மகனைக் கட்டடத்தைச் சுற்றிப் போய் முன்னால் நடைபாதையில் ஆட்களை மறிக்கச் சொன்னேன். அது நீளமான கடைத்தொகுதி, ஓடினாலும் நேரமெடுக்கும். பிறகு நானும் சந்திரன் அண்ணையும் சமையலறைக் கதவடியில் நின்றோம்.

“யன்னல் திரையை இழுத்துவிட்டால் வெயில் படாதுதானே?” என்றார் அவர். “நான் போய் இழுக்கிறன்.”

“வேண்டாம்.”

“ரெண்டு நிமிசம்.”

“அண்ணை, கிட்டப் போகாதேங்கோ.” அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கு அவமானமாக இருந்திருக்கும். தன்னுடைய கடை, தன்னுடைய கண்ணாடி, தான் கைகட்டி நிற்பது. நெருக்கடியில் எதையாவது செய்ய வேண்டும் போல இருப்பது உங்கள் பயம். அதற்கு வேலை கொடுக்காதீர்கள்.

அப்போது முன்கதவு திறந்தது. முகுந்தன். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. கமராவோடு வந்த அபி என்ற இளம்பெண்ணுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், மரியாதையாக, அவள் முதலில் வரட்டும் என்று. அபி விழாவுக்காக அன்று கூலிக்கு வந்த படப்பிடிப்பாளர். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

“வெளியில போங்கோ, வெளியில” என்று கத்தினேன். கையை வீசினேன்.

முகுந்தனும் எனக்குக் கையை அசைத்தார். “அன்ரி, நீங்களும் வந்திட்டீங்களே” என்றார்.

முதல் போத்தல் பெரிய சத்தத்தோடு வெடிக்கவில்லை. ‘டப்’ என்று ஒன்று. பிறகு அதன் பக்கத்தில் இருந்தவை எல்லாம் சேர்ந்து வெடித்தன. யன்னல் கண்ணாடி மேலிருந்து கீழாகக் கோடு கோடாகப் பிளந்தது. பிள்ளைகள் இருந்த மேசையின் சோற்றுத் தட்டுகளில் கண்ணாடித் துண்டுகள் விழுவதைப் பார்த்தேன். அந்தக் காட்சி இப்போதும் என்னை விட்டுப் போகவில்லை. அபி கையைத் தூக்கி முகத்தை மறைத்திருந்தாள். முழங்கைக்குக் கீழே இரத்தம் வழிந்தது. முகுந்தன் தலையிலிருந்து சப்பாத்து வரை பியரில் நனைந்து, ஒரு கீறலும் இல்லாமல் நின்றார்.

வெடிப்பு ஓயும்வரை உள்ளே போகாமல், அப்போதுதான் வெளியே நடைபாதைக்கு ஓடி வந்து சேர்ந்த சந்திரன் அண்ணையின் மகனை அபியைப் பின்னுக்கு இழுக்கச் சொல்லிக் கத்தினேன். அவன் இழுத்தான். பின்பக்கமாகச் சுற்றி ஓடிப் போய், சமையலறைத் துவாயால் அவள் கையைக் கட்டினேன்.

“ஐ ஆம் ஓகே அன்ரி” என்றாள். உதடு வெளுத்திருந்தது. “கமரா உடைஞ்சிட்டுதா?”

“கமராவை விடு பிள்ளை. விரலை மடக்கு பாப்பம்.”

மடக்கினாள்.

ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தபோது முகுந்தன் விறாந்தையில் என் பக்கத்தில் வந்து இருந்தார். பியர் மணம் இன்னும் போகவில்லை.

“அன்ரி, இதைக் கப்பல்ல வந்த சேதம் எண்டு சொல்லுவம். ட்ரான்ஸ்போர்ட்ல அடிபட்டது எண்டு. நீங்கள் சொன்னால் அதிகாரிகள் நம்புவினம்.”

“அந்தப் பிள்ளை உள்ளுக்க படுத்திருக்குது.”

“நான் அவளைப் பாப்பன். அது வேற. இது கொம்பனியின்ர விசயம். நீங்கள் உண்மையைச் சொன்னால் நான் முடிஞ்சுது.”

“நான் கேட்டதைச் சொல்லுவன், கண்டதைச் சொல்லுவன். நீங்கள் முடியிறதும் முடியாததும் எனக்குத் தெரியாது.”

அவர் அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தக் கண்ணீர் அபிக்கானது அல்ல என்று தெரிந்த அளவுக்கு, என் இரக்கமும் சுருங்கிவிட்டது.

திங்கட்கிழமை மாகாண அதிகாரிகள் வந்தார்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கொன்டெய்னர் முழுவதும் அழிக்கப்பட்டது. முகுந்தன் முடிந்துபோகவில்லை. அவர் போன்றவர்கள் அவ்வளவு இலேசில் முடிவதில்லை. இரண்டு ஆலைகள் அவரை விட்டுப் போயின, மிச்சத்தை வைத்துக்கொண்டு இன்றும் நடத்துகிறார். என்னை வேலையிலிருந்து நிறுத்த அவருக்குத் துணிவு வரவில்லை. நான் ஓய்வு பெறும்வரை கூட்டங்களில் என்னைப் பார்க்காமலே என்னோடு பேசினார். அபியின் கை ஆறிவிட்டது. இரண்டு விரல்களில் குளிர்காலத்தில் விறைப்பு வருமென்று சொன்னாள். படப்பிடிப்புத் தொழிலில் இருக்கிற ஒருத்திக்கு அது சின்ன விஷயமல்ல. சந்திரன் அண்ணை அந்தக் குடும்பத்துக்கு அடுத்த கிழமையே மறுபடியும் விருந்து வைத்தார். மேசையில் சோடா மட்டும்.

அதிகாரிகள் வந்துபோன சில நாட்களுக்குப் பிறகு இங்கிலாந்து ஆலையிலிருந்து எனக்குப் போன் வந்தது. முதலில் பேசிய அதே பண்பான மனிதர். நடந்ததையெல்லாம் கேள்விப்பட்டதாகச் சொன்னார். மிகவும் வருந்துவதாகச் சொன்னார். சில பாடங்கள் கற்றுக்கொண்டதாகவும் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுத்த தயாரிப்புக்குப் பயன்படும், அதனால்தான் கேட்கிறேன் என்று தொடங்கினார்.

“அதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். வெயிலில் அவ்வளவு தூரம் வந்ததில் சுவை எப்படி மாறியிருந்தது?”

அவர் குறிப்பெடுக்கத் தயாராக இருந்தார் என்று நினைக்கிறேன்.

“ஒரு இளம்பெண்ணின் தொலைபேசி இலக்கம் தருகிறேன்” என்றேன். “அவளுடைய கையில் அந்தப் பியர் நன்றாக இறங்கியிருக்கிறது. அவளிடம் கேளுங்கள்.”

நான் போனை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.